காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்: கணினி மொழிகள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி மொழிகளின் பிறப்பையும் வளர்ச்சியையும் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கணினிக்குச் சுழியமும் ஒன்றும் மட்டுமே தெரியும் என்கிறார்கள். அப்படியானால் முதல் மொழியை அதற்குக் கற்றுக் கொடுத்தது யார்? முதல் கணினி மொழி எது? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கணினிக்கு எவரும் எந்த மொழியையும் கற்றுக் கொடுக்கவில்லை. நாம் எழுதுவதை அது புரிந்துகொள்வதும் இல்லை. நாம் எழுதியதை எண்களாக மாற்றித் தரும் மற்றொரு நிரல் நடுவில் நிற்கிறது. கணினி பார்ப்பதெல்லாம் அந்த எண்களைத்தான். ஆகவே உங்கள் கேள்வியை, நடுவில் நிற்கும் அந்த மொழிபெயர்ப்பாளரை முதலில் உருவாக்கியவர் யார் என்று சற்றே மாற்றிக்கொள்வோம்.

1946இல் பிலடெல்பியாவில் பொதுப்பார்வைக்கு வந்த எனியாக் கணினியில் அப்படி எவரும் இல்லை. ஒரு கணக்கை முடித்து வேறொரு கணக்குக்கு மாற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருகி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். ஆறு பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். நெடுங்காலம் அவர்களுடைய பெயர்கள் வெளியே வரவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கிய எட்சாக் கணினியில் அந்த மொழிபெயர்ப்பாளரின் குழந்தை வடிவத்தைப் பார்க்கலாம். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வீலர் 31 கட்டளைகளே கொண்ட ஒரு நிரலை எழுதினார். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்டுவந்த சுழல் சுவிட்சுகளில் அது நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. இயந்திரத்தை முடுக்கியதும் அந்த 31 கட்டளைகள் நினைவகத்தில் இறங்கி, காகித நாடாவில் துளையிடப்பட்டிருக்கும் நிரலை எழுத்தெழுத்தாகப் படித்து எண்களாக மாற்றும். கூட்டலுக்கு ‘ஏ’, கழித்தலுக்கு ‘எஸ்’ என்று ஓர் ஆங்கில எழுத்தைத் துளையிட்டால் போதும். நினைவக முகவரியையும் நாம் அன்றாடம் எழுதும் எண்ணிலேயே எழுதலாம். இன்று நாம் அசெம்ப்ளி என்று சொல்லும் வகையின் தொடக்கம் இது.

‘முதல்’ என்ற சொல்லுக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. 1843இல் இங்கிலாந்தின் அடா லவ்லேஸ், கணித அறிஞர் பாபேஜ் வடிவமைத்த பகுப்பு இயந்திரத்தில் பெர்னோலி எண்கள் என்ற கணித வரிசையைக் கணக்கிடும் முறையைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். அந்த இயந்திரமோ கட்டி முடிக்கப்படவேயில்லை. ஜெர்மனியில் கோன்ராட் சூசே 1945 வாக்கில் பிளான்கால்க்யூல் என்ற முழு மொழியையே வகுத்துவிட்டார். அது முழுமையாக அச்சேறியது 1972இல்தான். ஒருவர் எழுதிய மொழிக்கு இயந்திரம் இல்லை, மற்றவர் எழுதியதைப் படிக்க ஆள் இல்லை.

கணித வாய்பாட்டை ஏறத்தாழ அப்படியே எழுதினால் கணினி ஏற்றுக்கொள்ளும் வகையில் அமைந்து, பரவலாக நிலைத்த முதல் மொழி ஃபோர்ட்ரான். மான்செஸ்டரிலும் எம்ஐடியிலும் அதற்கு முன்பே முயற்சிகள் நடந்தன என்றாலும் அவை அந்தந்த இயந்திரத்தோடு நின்றுபோயின. ஐபிஎம் நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் 1953 இறுதியில் தம் மேலதிகாரியிடம் இதற்கு அனுமதி கேட்டபோது முன்வைத்த காரணம் அறிவியல் அன்று, செலவுக் கணக்கு. ஒரு கணினி மையத்தில் நிரலாளர்களுக்கு ஆகும் செலவு கணினிக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் இருந்தது. கணினி நேரத்திலும் பெரும்பகுதி பிழை தேடுவதிலேயே கழிந்தது. ஆறு மாதத்தில் முடியும் என்று சொன்ன வேலை மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 1957 ஏப்ரலில் ஐபிஎம் 704 கணினிக்கு வெளிவந்தது. யாருடைய நேரம் விலை உயர்ந்தது, மனிதனுடையதா இயந்திரத்தினுடையதா என்ற இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் விடைகளிலும் அது தலைகாட்டும்.

கேள்வி: என் தந்தையார் பணியில் சேர்ந்த காலத்தில் அட்டைகளில் துளையிட்டுத்தான் நிரல் எழுதினார்கள் என்று சொல்வார். அட்டை என்பது வெறும் தாள்தானே. அதற்கும் மொழிக்கும் தொடர்பு உண்டா? (பொறியாளர், ஓசூர்)

உண்டு, நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமாகவே. ஐபிஎம் அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. ஆனால் 704 கணினியோடு வந்த அட்டை படிப்பான் ஒரு வரிசையை 36 பிட்டுகள் (ஒரு சுழியமோ ஒன்றோ அடங்கும் இடங்கள்) கொண்ட இரண்டு ‘சொற்களாக’, அதாவது கணினி ஒரே மூச்சில் கையாளும் துண்டுகளாக, எடுத்துக்கொண்டதால், அது படித்தவை 72 மட்டுமே. ஆகவே ஃபோர்ட்ரான் கட்டளை ஏழாம் நெடுவரிசையில் தொடங்கி எழுபத்திரண்டில் முடிய வேண்டும் என்று விதி வந்தது. முதல் ஐந்து நெடுவரிசைகள் வரியெண்ணுக்கு உரியவை; ஆறாவதில் ஏதேனும் குறியிட்டால் அந்த அட்டை முந்தைய அட்டையின் தொடர்ச்சி. மிஞ்சிய எட்டு நெடுவரிசைகளில் அட்டைக்கு வரிசை எண் இட்டுக்கொள்வார்கள். மாறியின், அதாவது மதிப்பை வைத்துக்கொள்ளும் இடத்தின், பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் அப்படி வந்ததுதான்: 36 பிட் கொண்ட ஒரு சொல்லில் ஆறு பிட் எழுத்துகள் ஆறுதான் அடங்கும்.

அட்டைக் கட்டை எடுத்துச் செல்லும்போது அதன் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு சாய்ந்த கோடு கிழித்து வைப்பது வழக்கம். கட்டு கைதவறிச் சிதறினால் கோடு மறுபடி நேராகும்வரை அட்டைகளை அடுக்கினால் போதும். நான் படித்த காலத்தில் அந்தக் கோட்டைக் கிழிக்கச் சோம்பிய ஒருவன் மாடிப்படியில் தடுக்கி விழுந்து, நானூறு அட்டைகளை ஓர் இரவு முழுக்க அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த ஒருவன் யார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

ஃபோர்ட்ரான் இடைவெளிகளைப் பொருட்படுத்தாது என்பதும் அட்டைக் காலத்தின் மிச்சமே. நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. பதிப்பாசிரியர்தான் பொருள் அறிந்து பிரித்துக்கொள்ள வேண்டும். ஃபோர்ட்ரானின் தொகுப்பி நிரலுக்கும், அதாவது நடுவில் நிற்கும் அந்த மொழிபெயர்ப்பாளருக்கும், அதே பாடுதான். ‘டூ 10 ஐ = 1, 10’ என்று எழுதினால், ‘ஐ’ என்ற மாறிக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பளித்து, 10 என்று எண்ணிட்ட வரி வரையுள்ள பகுதியைத் திரும்பத் திரும்பச் செய் என்பது பொருள். காற்புள்ளிக்குப் பதிலாக முற்றுப்புள்ளி விழுந்துவிட்டால் என்ன ஆகும்? இடைவெளிகளை நீக்கிவிட்டு ‘டூ10ஐ = 1.10’ என்று தொகுப்பி படித்து, ‘டூ10ஐ’ என்று ஒரு மாறி இருப்பதாக எண்ணிக்கொண்டு, அதில் 1.10 என்ற மதிப்பை வைத்துவிடும். மாறிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி இல்லாததால் பிழைச்செய்தியும் வராது. பத்து முறை நடக்க வேண்டியது ஒரே முறை நடக்கும், அவ்வளவுதான்.

நாசாவின் மெர்க்குரித் திட்டத்துக்கான ஒரு நிரலில் இத்தகைய புள்ளி ஒன்று அகப்பட்டுத் திருத்தப்பட்டது. 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக்கோளை நோக்கி ஏவப்பட்டு, சில நிமிடங்களில் அழிக்கப்பட்ட மாரினர் 1 விண்கலமும் இந்தப் புள்ளியால்தான் போயிற்று என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. அங்கே நடந்தது, வழிகாட்டுச் சமன்பாட்டைப் படியெடுத்தபோது ஒரு குறியீட்டின் தலைக்கு மேல் இருந்த சிறு கோடு விடுபட்டது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழை என்று நம் பதிப்பாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

கேள்வி: எங்கள் வங்கியின் பழைய மென்பொருள் கோபால் மொழியில் எழுதப்பட்டது என்கிறார்கள். அறுபது ஆண்டுப் பழைய மொழியை இன்னும் வைத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லையா? (வங்கி அலுவலர், மதுரை)

‘கோபால்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், நெடுங்காலமாக ஓய்வுபெறாமல் வேலை பார்க்கும் ஒரு மூத்த கணக்காளர் என் கண்முன் வந்தார். பொருத்தமான உருவம்தான், இருந்தாலும் குழப்பம் வேண்டாம் என்று கோபோல் என எழுதுகிறேன்.

1959 மே மாத இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில் கணினி உற்பத்தியாளர்களும் அரசுத் துறையினரும் கூடினார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் தனித்தனியாக நிரல் எழுதும் செலவு தாங்கமுடியாமல் போய், எல்லா இயந்திரத்திலும் ஓடும் ஒரு வணிக மொழியை அவர்கள் கேட்டார்கள். அதற்கு முன்பே யுனிவாக் கணினிக்காக கிரேஸ் ஹாப்பர் உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளை எழுத வேண்டும், மேலாளர் படித்தாலும் விளங்க வேண்டும் என்பது அதன் கொள்கை. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், ஏறத்தாழ மாற்றமின்றி, ஆர்சிஏ 501 கணினியிலும் யுனிவாக் 2 கணினியிலும் ஓடிக் காட்டியது. மேலாளர்கள் அதைப் படித்தார்களா என்பது வேறு விஷயம்.

சோம்பேறித்தனம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான ஒன்றைக் காட்டுகிறேன். பைத்தான் போன்ற ஒரு மொழியில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று விடை வரும். மூன்றில் ஒரு பங்கைப் பத்தடிமானத்தில் முடிவின்றி 0.333 என்று எழுதிக்கொண்டே போவதுபோல, பத்தில் ஒரு பங்கைக் கணினியின் சுழியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட இரண்டடிமானத்தில் எழுதி முடிக்க இயலாது. எங்கோ வெட்டியாக வேண்டும். விண்கலப் பாதையைக் கணக்கிடுபவருக்கு அந்த வெட்டு பொருட்டன்று. நாள்தோறும் இலட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி எழுதி, மாலையில் பைசா பிசகாமல் இருப்பைச் சரிபார்க்க வேண்டியவருக்கு அது தலைவலி. கோபோலில் ஒரு தொகையை அறிவிக்கும்போதே புள்ளிக்கு முன் எத்தனை இலக்கம், பின் எத்தனை இலக்கம் என்று எழுதிவிடுகிறோம். பத்தடிமானக் கணக்கு மொழியின் உள்ளேயே இருக்கிறது. மற்ற மொழிகளிலும் இதற்கு வழி உண்டு, ஆனால் அதைத் தேடிப் போய்ச் செய்ய வேண்டும்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிய சிக்கனம் 2000ஆவது ஆண்டு நெருங்கியபோது உலகையே பயமுறுத்தியதும், அந்தப் பழைய வரிகளைத் திருத்தும் வேலைக்காகச் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களின் இளைஞர்கள் தம் பெற்றோர் வயதுடைய ஒரு மொழியை அவசரமாகப் படித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வருமாறு வெளிப்படையாகவே வேண்டுகோள் விடுத்தார். மாற்றாமல் இருப்பதற்குச் செலவு உண்டு. ஆனால் நாற்பது ஆண்டுகளாக யாரோ எதற்காகவோ சேர்த்துவைத்த விதிவிலக்குகள் எல்லாம் அந்த வரிகளில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிசகாமல் வேறு மொழிக்குக் கொண்டுபோகும் செலவு அதைவிடப் பெரிது என்று உங்கள் வங்கி கணக்குப் போட்டிருக்கக்கூடும்.

கேள்வி: எதற்காக இத்தனை மொழிகள்? எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே மொழியை வகுத்துவிட்டால் மாணவர்களுக்குச் சுமை குறையாதா? (பள்ளி ஆசிரியர், ஈரோடு)

உங்களுக்கு முன்பே இதை விரும்பியவர்கள் பலர். ஐரோப்பியரும் அமெரிக்கரும் சேர்ந்து அல்கால் என்ற பொதுமொழியை வகுக்கக் கூடியபோது, பின்ன எண்ணைப் புள்ளியிட்டு எழுதுவதா, ஐரோப்பிய வழக்கப்படி காற்புள்ளியிட்டு எழுதுவதா என்பதிலேயே ஒருவர் மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். முன் விடையில் சொன்ன காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இங்கேயும் வந்துவிட்டன. 1960 ஜனவரியில் பாரிசில் பதின்மூன்று பேர் கூடி முடித்த அல்கால் 60 அன்றாட வேலைக்குப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் பாஸ்கல், சி முதலிய பிற்கால மொழிகள் பலவற்றின் கட்டமைப்பு அதிலிருந்தே வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1970களில் தன் திட்டங்களில் 450க்கும் மேற்பட்ட மொழிகளும் அவற்றின் கிளைகளும் புழங்குவதைக் கண்டு, அவை அனைத்துக்கும் ஈடாக அடா என்ற மொழியை வகுக்கச் செய்தது. அதன் தர ஆவணத்துக்கு 1815 என்ற எண். அது அடா லவ்லேஸ் பிறந்த ஆண்டு. விளைவு, மொழிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது.

வேலைக்கு வேலை எது அரிது என்பது மாறுவதால்தான் மொழிகள் பெருகுகின்றன. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் சி மொழியை உருவாக்கியபோது அரிதாக இருந்தவை நினைவகமும் வேகமும். ஆகவே பத்து இடங்கள் கொண்ட வரிசையில் பதினோராவது இடத்தில் எழுதினால் சி தடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்ப்பதற்கு ஆகும் நேரத்தை அது மிச்சம் பிடிக்கிறது. பத்துப் பேர் உட்காரும் திண்ணையில் பதினோராவது ஆள் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் கீழே விழுவதுபோல, பக்கத்து இடத்தில் இருந்த தரவு அழிகிறது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய முதல் பெரிய புழு நிரல் நுழைந்த வழிகளில் ஒன்று இந்தப் பதினோராவது இடம்தான்.

இயந்திரங்கள் மலிந்த பிறகு கணக்கு தலைகீழானது. ஆம்ஸ்டர்டாமில் கீடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான், வேகத்தில் சி மொழியின் அருகே வராது. நிரல் எழுதுபவரின் ஒரு நாளை மிச்சப்படுத்துவதற்காக இயந்திரத்தின் நேரத்தை அது தாராளமாகச் செலவிடுகிறது. 2015இல் முதல் நிலைப் பதிப்பு வெளிவந்த ரஸ்ட், சி மொழியின் வேகத்தை விடாமல், நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகளில் பெரும்பாலானவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிக்க முயல்கிறது. அதற்கு விலையாகக் கற்கும் காலம் நீளுகிறது.

மாணவர்களுக்கு ஒரே ஒரு மொழியைச் சொல்லிக் கொடுங்கள். அதில் தம் பிழையைத் தாமே கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகியவர்கள் இரண்டாவது மொழியைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றா? (வாசகர், காரைக்குடி)

இல்லை. ஜாவா, சன் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினர் உருவாக்கி 1995இல் வெளியிட்டது. அதே ஆண்டு மே மாதம் இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய மொழிக்கு முதலில் மோக்கா என்றும் பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றும் பெயர். ஜாவாவின் புகழ் உச்சத்தில் இருந்ததால் டிசம்பரில் அந்தப் பெயரை ஒட்டவைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களில் இந்தக் குழப்பம் தீரவில்லை.

கேள்வி: தமிழில் நிரல் எழுத முடியுமா? முடிந்தால் அதனால் என்ன பயன்? (தமிழாசிரியை, தஞ்சாவூர்)

முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற மொழி, பைத்தானின் மீது கட்டப்பட்டது. கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். ஒரு துளியைப் பாருங்கள்:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

இதில் என்னைக் கவர்ந்தது ‘ஆனால்’ நிற்கும் இடம். ஆங்கிலத்தை ஒட்டிய மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வந்து, நிபந்தனை பின்னால் வருகிறது. இங்கே நிபந்தனையைச் சொல்லிவிட்டு அதன் வாலில் ‘ஆனால்’ வருகிறது; ‘எட்டு மணி ஆனால் கடையை அடைத்துவிடுவார்’ என்று நாம் பேசுவதுபோல. ஆங்கிலச் சொற்களை நீக்கிவிட்டுத் தமிழ்ச் சொற்களை அதே இடத்தில் வைத்திருந்தால் இந்த இயல்பு வந்திராது. ‘இல்லை’ என்பதற்குப் பதில் ‘இல்லையேல்’ என்றிருந்தால் இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். நீங்கள் தமிழாசிரியை, முடிவு உங்களுடையது.

தமிழில் வினை இறுதியில் வரும். ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்போம். 1970 வாக்கில் சார்லஸ் மூர் உருவாக்கி, வானியல் தொலைநோக்கிகளை இயக்கப் பயன்பட்ட ஃபோர்த் என்ற மொழி இதே முறையைக் கொண்டது: முதலில் 2, அடுத்து 3, கடைசியில் கூட்டல் குறி. ஆங்கிலம் பேசுவோர் அதைத் தலைகீழ் என்று முகம் சுளித்தார்கள். நமக்கு அது நேர்.

பயன் என்று கேட்டால், தொழிலுக்கு எழில் உதவாது. நிரல் நூலகங்களும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்புகள்) ஆவணங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் நிரலை எழுதும்போது, கணினியின் தர்க்கம், ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டல் என்று இரண்டு புதிய சுமைகளை ஒரே நாளில் தூக்க வேண்டியதில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் தமிழில் சொன்னாலே நிரல் எழுதித் தருகிறதே, இனிக் கணினி மொழிகள் எதற்கு? (கல்லூரி மாணவர், கோவை)

1950களில் தொகுப்பி நிரலுக்கே ‘தானியங்கி நிரலாக்கம்’ என்றுதான் பெயர். ஃபோர்ட்ரான் வந்தபோது நிரலாளர்களுக்கு இனி வேலை குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். நடந்தது உங்களுக்குத் தெரியும். கணினியிடம் அன்றாட மொழியில் பேச வேண்டும் என்ற ஆசையைக் கணினி அறிஞர் தைக்ஸ்ட்ரா போன்றோர் 1970களிலேயே கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்கள் அளவுக்கு நான் கறாராக இல்லை. சிறு வேலைகளுக்கு நானும் இப்போது இப்படித்தான் எழுதி வாங்குகிறேன். எழுதி வாங்கியதை வரிவரியாகப் படித்த பிறகே பயன்படுத்துகிறேன். படிப்பதற்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘பத்துப் பேருக்கு மேல் வந்தால் கட்டணத்தில் பத்து விழுக்காடு குறைக்கவும்.’ பத்துப் பேர் சரியாக வந்தால் சலுகை உண்டா? பன்னிரண்டு பேர் வந்தால் எல்லோருக்கும் குறையுமா, மேல்வந்த இருவருக்கு மட்டுமா? வரி சேர்ப்பதற்கு முன் குறைப்பதா, பின்னா? சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர் இதைத் தொலைபேசியில் சொன்னால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார், அல்லது போன ஆண்டு என்ன செய்தோமோ அதையே செய்வார். நிரலில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏதோ ஒரு விடை எழுதப்பட்டே தீரும். நீங்கள் சொல்லாமல் விட்டதை இயந்திரம் தானாக ஒருவிதமாக முடிவுசெய்து எழுதியிருக்கும்; எப்படி முடிவுசெய்தது என்பது ‘>’ என்று இருக்கிறதா ‘>=’ என்று இருக்கிறதா என்ற ஒற்றைக் குறியில் நிற்கும்; முதலாவது பத்துக்கு மேல் மட்டும், இரண்டாவது பத்தும் அதற்கு மேலும்.